பச்சைக் குழந்தையின் மஞ்சளும் தாயத்தும்



இன்று நான் சாமியைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. பச்சைக் குழந்தையின் மலத்தின் நிறத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். அந்த நிறத்தைக் கவனியாததால் ஒரு பிள்ளை மண்ணுக்குப் போகிறதென்றால் சிரிப்பு வருமா?

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு மஞ்சளாவது வழக்கம். இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் அழியும்போது ஒரு மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் வேலை பிஞ்சு ஈரலுக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை. நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் இது இரண்டு வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். நம் மதுரைச் சீமையில் வேப்பிலை அடிக்கிறவரும் தாயத்துக் கட்டுகிறவரும் பேர் வாங்குவது இந்த மஞ்சளில்தான். போவது தானாகப் போகிறது. தட்சணையோ அவருக்குப் போகிறது! ஆனால் முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், குழந்தை பால் குடியாமல் சோர்ந்தாலும், ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிற்க, தானாகப் போகாத மஞ்சளும் ஒன்று உண்டு. ஈரலில் ஊறும் பித்தநீர் சிறு குழாய் வழியாகக் குடலுக்கு வர வேண்டும். மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் அடைபட்டுப் போகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வயலுக்குப் போகாமல் மேலே தேங்கிக் கரையைக் கெடுக்கிறதல்லவா? அதுபோலப் பித்தநீர் ஈரலிலேயே தேங்கி அதைக் கெடுத்து இறுகச் செய்துவிடுகிறது. மலம் சுண்ணாம்பு போல் வெளுக்கிறது. மூத்திரம் துணியில் மஞ்சள் கறை வைக்கிறது. ஆனால் குழந்தை முதலில் நன்றாகவே பால் குடிக்கும். வீட்டார் ஏமாறுவது அதனால்தான்.

போதாததற்குத் தீட்டென்று தாயையும் பிள்ளையையும் இருட்டறையில் வைத்துவிட்டால் நிறம் எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் பட்சி தோஷமென்று ஒரு வாரம், மாந்தமென்று ஒரு வாரம், தாய் தின்ற பண்டமென்று ஒரு வாரம்! பிஞ்சு வயிற்றில் சூடு போடுகிறவர்களும் உண்டு. குழாய் ஏன் அடைபடுகிறதென்பது விஞ்ஞானத்துக்கே இன்னும் முழுதும் விளங்கவில்லை. தாயத்துக்காரருக்கு மட்டும் எப்படி விளங்கிற்று? பெற்றவள் மேல் பழி போட மாமியாருக்கு என்ன ஆதாரம்?

ஜப்பான் தேசத்து மொரியோ கசாய் என்ற டாக்டர், அடைபட்ட குழாயை அறுத்தெடுத்து, சிறுகுடலை ஈரலோடு இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்யும் முறையை 1959-இல் வெளியிட்டார். பிறந்த 60 நாளுக்குள் செய்தால் இது நல்ல பலன் தருகிறது. நாளாக ஆகப் பலன் குறைகிறது. தைவானில் 2004 முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட சீட்டை நாடு முழுவதும் தாய்மாருக்குக் கொடுக்கிறார்கள். தாய் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். வெளுத்திருந்தால் டாக்டரிடம் ஓடுகிறாள். நம்மவர் கட்டும் செப்புத் தகட்டைவிட அந்தக் காகிதச் சீட்டு எவ்வளவு மேலானது!

நம் நாட்டுச் சங்கதியும் கேளுங்கள். காஞ்சிபுரத்துக் குழந்தையொன்று இதே நோயால் ஈரல் கெட்டுப்போயிருந்தது. 1998 நவம்பரில், அதன் 20-ஆம் மாதத்தில், டில்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் தகப்பனாரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அதற்கு வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அதுவே. அந்தப் பிள்ளை வளர்ந்து தாமே டாக்டராகிவிட்டார். தலைவிதியென்று விட்டிருந்தால் விதியும் பலித்திருக்கும். சோசியரும் பலித்ததென்று சொல்லியிருப்பார்!

ஈரல் மாற்றுவது எல்லோருக்கும் எளிதல்ல. ஆகையால் முதலிலேயே விழித்துக்கொள்ள வேண்டும். குழந்தையை வெளிச்சத்தில் வைத்துத் தினமும் பாருங்கள். 14 நாளுக்கு மேல் மஞ்சள் நின்றாலும், எந்த நாளிலானாலும் மலம் வெளுத்தாலும், அன்றைக்கே மதுரை அரசு இராசாசி ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய், இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதித்துப் பயமில்லையென்று தெரிந்தால் நட்டம் ஒரு பஸ் கட்டணம்தான்.

60 நாளென்பது பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததல்ல. குழந்தையின் ஈரல் கொடுக்கும் தவணை. அதை மந்திரவாதி வீட்டு வாசலில் செலவழிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.