வட்டாரமும் வாய்ப்பும்
(கிராமப்புற விளையாட்டு அமைப்பாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போட்டி நடத்துவோர் அனைவரையும் எதிர்நோக்கும் வினா ஒன்று உண்டு. நாடு முழுவதற்குமான ஒரு களத்திற்கு வருவோரை எவ்வாறு தெரிந்தெடுப்பது? எப்பகுதியினராயினும் வல்லவரை மட்டும் பொறுக்கியெடுப்பதா? அன்றி, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் பங்கு வைப்பதா? இதற்கு விடை காண, அமெரிக்காவில் நடைபெற்றுவரும் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மேடும் பள்ளமுமான மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயத்திற்கு மோட்டோகிராஸ் என்று பெயர். அதனைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கென ஒரு தேசியப் போட்டி, டென்னஸி மாநிலத்தில் ஹரிக்கேன் மில்ஸ் என்னும் சிற்றூரில் 1982ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவருகிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, புகழ்பெற்ற பாடகியாக விளங்கி, 2022இல் மறைந்த லொரெட்டா லின் அம்மையாரின் பண்ணை நிலமே பந்தயக் களமாகும். நான்கு வயதுக் குழந்தை முதல் ஐம்பது கடந்தவர் வரை, ஆடவரும் பெண்டிரும் வயதுக்கும் வண்டிக்கும் ஏற்ற பிரிவுகளில் கலந்துகொள்கின்றனர்.

களத்தை அடைய இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, பகுதித் தகுதிப் போட்டி; அடுத்தது, வட்டாரப் போட்டி. ஒவ்வொரு வட்டாரத்திலும் முன்னணியில் வருவோரே தேசியக் களத்திற்குச் செல்வர். ஒரு பிரிவில் 42 பேருக்கே இடம். ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் முயல்கின்றனர் என்றும், ஏறக்குறைய 1,500 இடங்களே உள்ளன என்றும் அமைப்பாளர் கூறுகின்றனர்.

இனி, வட்டார வேறுபாடுகளை நோக்குவோம். கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆண்டு முழுவதும் வண்டி ஓட்டலாம். மின்னசோட்டாவிலும் மிச்சிகனிலும் குளிர்காலத்தில் பனி நிலத்தை மூடிவிடுகிறது; பயிற்சி மாதக்கணக்கில் நின்றுபோகிறது. வசதியுள்ள வடபுலத்துக் குடும்பங்கள் அக்காலத்தில் ஜார்ஜியா, ஃபுளோரிடா ஆகிய தென்மாநிலங்களின் பயிற்சிக் களங்களை நாடிச் செல்கின்றன. வசதியற்றோர் பனி உருகும் நாளை எதிர்நோக்கி இருக்கின்றனர்.

மண்ணும் வேறுபடுகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் வெயிலில் இறுகிய கெட்டித் தரை, ஃபுளோரிடாவில் மணல். ஹரிக்கேன் மில்ஸ் களமோ ஓடையை அடுத்த தாழ்நிலம். வண்டிகள் ஓடஓட அங்கு ஆழமான சக்கரத் தடங்கள் விழுகின்றன. போட்டி நடைபெறுவதும் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில். அவ்வெப்பம் தென்கிழக்கு மாநிலத்தவர்க்குப் பழகியது. வடமேற்கிலிருந்து வருவோர்க்குப் புதியது. வாஷிங்டன் மாநிலத்துக் குடும்பம் ஒன்று வண்டியும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு 2,000 மைலுக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும்.

இந்நிலையில் பங்கு முறையைக் குறை கூறுவோரும் உளர். வல்லவர் மலிந்த வட்டாரத்தில் ஒரு சிறுவன் மயிரிழையில் இடம் இழக்கிறான். அவனினும் வேகம் குறைந்த ஒருவன், போட்டி குறைந்த வட்டாரத்திலிருந்து தேர்வு பெறக்கூடும். இது நீதியாகுமா என்பது அவர்கள் வினா. இழந்த சிறுவனின் துயரம் உண்மையானது; அதை நாம் எளிதாக எண்ணுதல் கூடாது.

ஆயினும், வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நேர்வது என்ன? வெயிலும் களமும் பணமும் ஒருங்கே வாய்த்த சில மாநிலங்களே இடங்களைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். ஏனைய பகுதிகளில் களம் அமைப்போர்க்கு ஊக்கம் குன்றும். களம் இன்றேல் ஓட்டியும் இல்லை. சென்ற ஆண்டு நம் ஊரிலிருந்து ஒருவர் போனார் என்ற செய்தியே அடுத்த ஆண்டு பத்துப் பேரைப் பயிற்சிக்கு அழைத்து வருகிறது.

பின்தங்கிய வட்டாரத்தில் திறமை இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறாகும். பனி மூடும் மின்னசோட்டாவின் பெல் பிளெய்ன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ரயன் டஞ்சி, பின்னர் தொழில்முறை ஓட்டியாகி 2010, 2012, 2015 ஆண்டுகளில் 450 சிசி பிரிவில் தேசிய மோட்டோகிராஸ் பட்டம் வென்றார். கொலராடோவின் கார்ட்டெஸ் ஊரினரான ஈலை டோமாக், 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகளும், பின்னர் 2022இலும் அதே பட்டத்தைப் பெற்றார். விளைச்சல் குறைவாயின் விதையைப் பழிக்குமுன் நீரையும் நிலத்தையும் பார்ப்பதன்றோ உழவர் வழக்கம்!

எனினும் பங்கு முறை வாயிலைத் திறக்குமேயன்றி, வழிச்செலவைக் கொடுப்பதில்லை. பயிற்சி இழந்த மாதங்களையும் திருப்பித் தருவதில்லை. இடம் ஒதுக்கியதோடு கடமை முடிந்தது என்று கருதுவோர் பாதி வேலையையே செய்தவராவர்.

ஊராட்சி ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி நடத்தும் நமக்கு இதில் படிப்பினை உண்டு. தொலைவிலுள்ள ஊர்களுக்கும் இடம் வைப்போம். அவ்வூர்ப் பிள்ளைகள் வந்து செல்வதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் கிடைக்க வழி செய்வோம். தேர்வு பெற்றோர் பட்டியலில் ஓர் ஊரின் பெயர் ஆண்டுதோறும் இல்லையாயின், அவ்வூரில் ஆடுகளம் உண்டா, பயிற்றுவிப்பார் உளரா என்று நேரில் சென்று பார்ப்போம். பார்த்த குறையை அடுத்த போட்டிக்கு முன்னரே நீக்க முற்படுவோமாக.