திறன்மானி சொல்வதும் சொல்லாததும்



மொழி மன்றத்து மேடையில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். சுங்கைப் பட்டாணியிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு வரும் சாலையோரம் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தால் அந்த வியப்பு நீங்கிவிடும். தோட்டத்து வாகனம் என்றால் மோட்டார்தான். அதிலும் யமாஹா ஆர்.எக்ஸ்.இசட், 125இசட் போன்ற இருவீச்சு வண்டிகளின்மேல் நம் இளைஞர்கள் வைத்திருக்கும் பற்று பெரிது. ஆர்.எக்ஸ்.இசட்டின் உற்பத்தி 2011இல் நின்றது; பற்று நிற்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு புகைக்குழாய் வாங்குகிறார்கள். அது திறனைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றாகப் பட்டறையார் ஒரு வரைபடத் தாளை நீட்டுகிறார். அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதே இன்றைய என் பொருள்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். பட்டறையில் எல்லாவற்றுக்கும் ‘பவர்’ என்ற ஒரே சொல்தான். நம் பாடநூலிலோ விசை, ஆற்றல், திறன் என மூன்று உள. தண்டினைத் திருப்பும் வலிமை முறுக்குவிசை. அந்த வலிமையோடு எவ்வளவு விரைவாக வேலை நடக்கிறது என்பது திறன். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தினால் அது ஒரு குதிரைத்திறன். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 8000 சுழற்சியில் 15 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறத்தாழ 12.6 கிலோவாட், அதாவது 17 குதிரைத்திறன். இதைக் கணிக்க ஐந்தாம் படிவ மாணவர் யாராலும் இயலும்.

திறனை அளக்கும் கருவியைத் திறன்மானி என்கிறேன். பட்டறை வழக்கில் ‘டைனோ’. 1821இல் பிரான்சின் புரோனி உராய்வுத் தடை ஒன்றை அமைத்தார். 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் புரூடு நீரைத் தடையாகப் பயன்படுத்தினார். இன்று மோட்டார் பட்டறைகளில் பெரிதும் காணப்படுவது கனத்த உருளை. பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி முழு வேகத்தில் முடுக்குவார்கள். உருளையின் நிறையும் அமைப்பும் முன்பே தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து கணினி திறனைக் கணக்கிடும். கிடைப்பது பின்சக்கரத்துத் திறன் என்பதை மறவாதீர்கள். பல்சக்கரமும் சங்கிலியும் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், தயாரிப்பாளர் ஏட்டில் அச்சிடும் எண்ணைவிட அது குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாற்றமடைந்தவர் பலர்.

இனி, குழாய்க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? இருவீச்சு எஞ்சினில் புகைக்குழாய் வெறும் போக்கி அன்று. வெளியேற்றத் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. விரியும் கூம்பில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை இழுப்பதோடு புதிய கலவையையும் சிறிது வெளியே இழுத்துவிடுகிறது. சுருங்கும் கூம்பிலிருந்து திரும்பும் அலையோ, தப்பிய அந்தக் கலவையைத் துளை மூடுமுன் உள்ளே தள்ளுகிறது. கதவைச் சாத்துமுன் வெளியே போன பிள்ளையை வீட்டுக்குள் தள்ளிவிடுவது போல!

கணக்கிட்டுப் பார்ப்போம். 8000 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 7.5 மில்லிநொடி. துளை அரைச் சுற்று திறந்திருக்கிறது என்று கொண்டால் 3.75 மில்லிநொடி. சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப 1.87 மீட்டர், எனவே குழாயின் பயனுறு நீளம் 94 சென்டிமீட்டர் அளவில் அமைய வேண்டும். 10,000 சுழற்சிக்கு அது 75 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆக, ஒரு குழாய் ஒரு வேகத்துக்கே முழுமையாகப் பொருந்தும். உயரத்தில் கிடைப்பதற்குத் தாழ்வில் விலை கொடுத்தாக வேண்டும்.

இந்த அறிவை முழுமையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அவ்வாண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது நாட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். குழாயின் மறையும் அவரோடு ஜப்பான் சென்றது. நம் சாலைகளில் ஓடும் பல இருவீச்சு வண்டிகளில் காடனின் கூம்பு இருக்கிறது. அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

தாளுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் உச்ச எண் மட்டுமே வட்டமிடப்பட்டிருக்கும். தொழிற்சாலை வேலைக்குச் செல்பவர் 5000 சுழற்சியில் ஓட்டுகிறார். அந்த இடத்தில் புதிய கோடு பழைய கோட்டுக்குக் கீழே கிடக்கலாம். ஆகவே உச்சத்தை விட்டுவிட்டு முழுக் கோட்டையும் பாருங்கள்.

நேரத்தையும் கேளுங்கள். காலை 24 பாகை வெப்பத்திலிருந்து நண்பகல் 34 பாகைக்கு உயர்ந்தால் காற்றின் அடர்த்தி மூன்று விழுக்காட்டளவு குறையும். 16 குதிரைத்திறன் வண்டியில் அது கால் முதல் அரைக் குதிரைத்திறன் வரை விழுங்கிவிடும். பழைய குழாயை வெயிலிலும் புதியதைக் காலைக் குளிர்ச்சியிலும் ஓட்டினால், ஒன்றும் செய்யாத பொருள்கூட ‘கூட்டியதாக’த் தோன்றும். இதற்காகவே திருத்தக் காரணிகள் உள்ளன. இரு தாளிலும் ஒரே காரணி இட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயின் சூடும் அவ்வாறே. சூடேறினால் ஒலி விரையும், உச்சமும் மேலே நகரும். முதல் ஓட்டத்தையும் நான்காம் ஓட்டத்தையும் ஒப்பிடுதல் முறையன்று. ஒரே நாளில் பழையது, புதியது, மீண்டும் பழையது என மாற்றி மாற்றி ஓட்டிப் பெற்ற எண்களையே நான் நம்புவேன். அப்படிச் சோதிக்கும் பட்டறையார் நேரம் செலவிடுகிறார்; அவருக்குக் கூடுதல் கூலி கொடுப்பதில் தவறில்லை.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய ஒன்று. புதிய குழாய் காற்றோட்டத்தை மாற்றும்போது கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து கலவை வறளக்கூடும். வறண்ட கலவை உருளைமேல் பத்து நொடி ஓட்டத்தில் நல்ல எண்ணையே காட்டலாம். அதே வண்டியை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் முறுக்கிப் பிடித்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்வும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இருவீச்சு ஓட்டும் மூத்தவர்கள் இரண்டு விரலைக் கிளச்சின்மேலேயே வைத்திருப்பது இதனால்தான். தாளில் கலவை அளவும் ஒரு கோடாக வரையப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கச் சொல்லுங்கள்: இளம்பழுப்பு நன்று, வெண்மை என்றால் வண்டியை அன்று வெளியே எடுக்க வேண்டா.