மாட்டைப் பார்க்கத் தெரிந்த கண்கள்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். பிள்ளைகள் கூட்டமாய் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில், துவாஸ் விடுதியிலிருந்து நெடுந்தூரம் பேருந்தில் வந்த ஊழியர்களும் நிற்பார்கள். அவர்கள் பார்க்கும் விதமே வேறு. மூக்கு ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, காலைத் தாங்கி நிற்கிறதா என்றுதான் அவர்கள் கண் போகும். “இது தீனி எடுக்கலையே” என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் மறுபேச்சின்றித் தலையாட்டுவார்.

இந்தப் பார்வையைக் கற்றுக்கொள்ள இங்கிலாந்தில் நகரவாசிகள் பயிற்சிக்குப் போகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் உண்மை. அங்கே பல இயற்கை வனப்பகுதிகளிலும் புல்வெளிகளிலும் மாடு, ஆடுகளை மேயவிடுகிறார்கள். பாலுக்காக அல்ல, புல்வெளியைக் காப்பதற்காக! புல் ஓங்கி வளர்ந்தால் சிறு பூச்செடிகள் மூச்சு முட்டிப்போகும். பிறகு புதர் மண்டும். இயந்திரம் வைத்து வெட்டலாமே என்று கேட்கலாம். துவாஸ் சாலையோரங்களில் நாம் பார்ப்பதுபோல், இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மட்டத்துக்குச் சிரைத்துவிடும். பூச்சிகளுக்கு ஒதுங்க இடமிருக்காது. மாடு அப்படியல்ல. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று மேயும். சாணத்தில் வண்டுகள் வாழும்; வண்டைத் தேடிப் பறவை வரும்.

மேய்ச்சலின் அருமையை இந்தியா விலை கொடுத்துக் கற்றது. ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982ஆம் ஆண்டு எருமைகள் மேயத் தடை விதிக்கப்பட்டது. காலங்காலமாக அங்கே மேய்த்துவந்த கிராம மக்கள் எதிர்த்தார்கள். மோதலில் உயிர்கள் பலியாயின. பிறகு நடந்தது என்ன? எருமை தின்று கட்டுப்படுத்திய நீர்ப்புல் மண்டி, தண்ணீர்ப் பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுநாள் ஆய்வு இதை எடுத்துச் சொன்னது. பறவையைக் காக்க விரட்டப்பட்ட எருமைதான் பறவைக்குக் காவலாக இருந்திருக்கிறது!

அப்படியானால் மாட்டை அவிழ்த்துவிட்டால் போதுமா? போதாது. நெதர்லாந்தின் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற இடத்தில், வேலி போட்ட பரந்த சதுப்பு நிலத்தில், மாடுகளும் குதிரைகளும் மான்களும் விடப்பட்டன. மனிதன் தலையிட வேண்டியதில்லை, இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். விலங்குகள் பெருகின, புல் பெருகவில்லை. 2017, 2018 குளிர்காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை மாண்டன. பட்டினியால் தவிக்காமலிருக்க அவற்றில் பெரும்பாலானவற்றை ஊழியர்களே சுட வேண்டியிருந்தது. மனம் பொறுக்காத மக்கள் வேலிக்கு மேல் வைக்கோலை வீசினார்கள். வேலிக்குள் அடைத்துவிட்டு “இயற்கை பார்த்துக்கொள்ளும்” என்பது நியாயமாகுமா?

இங்குதான் தொண்டூழியர்கள் வருகிறார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்குப் ‘பார்ப்பவர்’ என்றே பெயர். முன்பு பிறருடைய மந்தையைக் கூலிக்குக் கவனித்தவர்களுக்கு அந்நாட்டின் தென்பகுதியில் வழங்கிய பெயர் அது. இன்று ஆசிரியர், அலுவலர், ஓய்வுபெற்றவர் என்று பலரும் முறைபோட்டுச் செல்கிறார்கள். தலைகளை எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தால் தேடுகிறார்கள். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது எது, நொண்டுவது எது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வேலி அறுந்திருக்கிறதா என்று பார்த்து உரியவருக்குத் தகவல் சொல்கிறார்கள். மருத்துவம் செய்வது அவர்கள் வேலையல்ல, பார்ப்பதுதான் வேலை. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் மாட்டின் கழுத்தில் துணைக்கோள் வழி இடமறியும் பட்டை கட்டியிருக்கிறார்கள். மாடு எங்கே நிற்கிறது என்று பட்டை சொல்லும். மாட்டின் கண் ஏன் மங்கியிருக்கிறது என்று கண்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கு இது தொடர்பில்லாத கதையல்ல. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்களே சாட்சி. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலை வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தால் செழித்தது. அண்மைக் காலத்திலும், 2015ல் திறக்கப்பட்ட கோனி தீவுப் பூங்காவில் ஒற்றைக் காளை ஒன்று திரிந்தது. யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. அதை விரட்டாமல், வருவோர்க்கு எச்சரிக்கைப் பலகை வைத்து வாழவிட்டார்கள். 2016ல் அது இறந்தபோது முன்பின் பழகாதவர்களும் வருந்தினார்கள்.

நேயர்களே, துவாஸில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைப்பவர்களில் பலர், பள்ளி விட்டதும் மாட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனவர்கள். பத்து வயதிலேயே இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்துத் தொழுவத்தில் கட்டியவர்கள். அவர்களிடம் வேலைத் திறனுக்குச் சான்றிதழ் கேட்கிறோம். இந்தத் திறனை யாரும் கேட்பதில்லை. வேறொரு நாட்டில் பயிற்சி கொடுத்து உருவாக்கும் கண்கள், இங்கே வார விடுமுறையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கின்றன.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த பொங்கலுக்குப் பிள்ளைகளை மாடு பார்க்க அழைத்துச் செல்லும்போது, பக்கத்தில் நிற்கும் அந்தத் தம்பியிடம், “இந்த மாடு நல்லா இருக்கா தம்பி?” என்று கேளுங்கள். அவர் மாட்டை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அப்போது அவரையும் கொஞ்சம் பார்ப்பார்கள்.