பஞ்சு ஒட்டிய டயரும் பஞ்சர் மருந்தும்



சமீப காலத்தில் புதுக் கார் வாங்குகிறவர்கள், விசேஷமாக மின்சாரக் கார் வாங்குகிறவர்கள், வண்டியின் டிக்கியைத் திறந்து பார்த்தால், முன்பெல்லாம் அங்கே தவறாமல் இருந்த ஸ்டெப்னி சக்கரத்தைக் காணாமல், அதற்குப் பதிலாகக் காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றும், வெள்ளைத் திரவம் நிரப்பிய குப்பி ஒன்றும் வைக்கப்பட்டிருப்பதைக் காண்பார்கள். இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்த வேண்டும் என்பது இந்த மாறுதலுக்குக் காரணம். அதே வண்டிகளில் பலவற்றின் டயருக்குள்ளே, சப்தத்தை அடக்குவதற்காக நுரைப்பஞ்சுப் பட்டை ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கிறது. குப்பியும் பஞ்சும் தனித்தனியே நல்ல யோசனைகள்தாம். ஆனால் ஒரே டயருக்குள் இவ்விரண்டும் சந்திக்கும்போது என்ன நேருகிறது என்பதை வண்டி விற்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பஞ்சு எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று வளைய வடிவமானது; சாதாரணக் கார் டயரில் அந்த வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கும். சாலையின் மேடுபள்ளங்கள் சக்கரத்தைத் தட்டத் தட்ட, வெற்றுக் குடத்தைத் தட்டினால் எழுவதுபோல அந்தக் காற்று வளையம் தனக்கே உரிய சுருதியில் முழங்குகிறது. வினாடிக்குச் சுமார் 200 அதிர்வுகளை ஒட்டிய தாழ்ந்த ஓசை அது. எஞ்சின் இரைச்சல் உள்ள வண்டியில் அது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. எஞ்சினே இல்லாத மின்சாரக் காரிலோ, அதுவே பிரயாணம் முழுவதும் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகையால் சாலையில் பதியும் பகுதிக்கு நேர் உட்புறத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் பஞ்சைச் சுற்றிலும் ஒட்டி, அந்த முழக்கத்தை உறிஞ்சிவிடச் செய்கிறார்கள்.

இனிக் குப்பியில் இருக்கும் திரவம். ரப்பர்ப் பால் அதன் முக்கியமான அம்சம். உறையாமல் இருப்பதற்காகக் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். வால்வு வழியாக உள்ளே செலுத்தி, காற்றும் ஏற்றி, உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால், சக்கரம் சுழலும் வேகத்தில் திரவம் டயரின் உட்சுவர் எங்கும் பரவுகிறது. ஓட்டை வழியே வெளியேறத் துடிக்கும் காற்று அந்தத் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. ரப்பர்த் துணுக்குகள் அந்த இடுக்கிலே திரண்டு அடைப்பாக மாறுகின்றன. தரையில் பதியும் பகுதியில், சுமார் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துவாரமானால் இந்த உபாயம் பலிக்கும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் பலிக்காது.

உட்சுவர் வழவழப்பாக இருக்கும் டயருக்கு இதுவெல்லாம் பொருந்தும். பஞ்சு ஒட்டிய டயரிலோ, ஆணி ஏறுகிற இடத்தின் மேலேயே பஞ்சு கவிந்து கிடக்கிறது. உள்ளே போகும் திரவம் உட்சுவரைத் தொடுவதற்கு முன்பே பஞ்சிலே விழுகிறது. நுண்ணிய துளைகள் நிறைந்த அந்தப் பஞ்சும் தன் சுபாவப்படி அதைக் குடித்துவிடுகிறது. குப்பியில் இருப்பதோ அரை லிட்டருக்குச் சற்றேறக்குறைய. அதில் ஒரு பங்கு இப்படிப் போய்விட்டால் ஓட்டைக்குக் கிடைப்பது மிச்சந்தான். ஆயினும் காற்று கசியும் திசையிலேயே திரவமும் பஞ்சினூடே ஊறிச் செல்வதால், சிறு துவாரங்கள் அடைபடுவதும் உண்டு. ஆகவே இது அறவே பிரயோஜனமற்றது என்று நான் சொல்லவில்லை; வண்டியோடு வந்த கையேடு அனுமதித்தால் ஆபத்து வேளையில் உபயோகிக்கலாம். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம்.

அந்த விலை என்னவென்பது டயரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ரிம்மிலிருந்து டயரை விடுவித்து விளிம்பை அகட்டினால், முதலில் அம்மோனியாவின் நெடி மூக்கைத் தாக்கும். சுற்றிலும் உலர்ந்த சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பஞ்சு, ஓரிடத்தில் மட்டும் மஞ்சள் பாரித்துக் கனத்துத் தொங்கும். விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று நூல் இழுக்கும். துடைத்தால் போகாது, கழுவினால் இன்னும் உள்ளே இறங்கும். அந்த ஓரிடத்துக் கனத்தால் சக்கரத்தின் சமநிலை குலைந்து ஸ்டீயரிங் நடுங்கும். சாதாரணமாகப் பஞ்சர் பார்க்க வேண்டுமானால், ஓட்டைக்கு நேரே உள்ள பஞ்சைச் சதுரமாக அறுத்தெடுத்து, பசையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உட்புறத்திலிருந்து ஒட்டுப் போட்டால் வேலை முடிந்தது; திரவம் ஊறிய பிறகோ, ஒட்டுப் போடுவதற்கு உலர்ந்த இடம் தேடுவதே பெரும்பாடு. பஞ்சு முழுவதையும் பிய்த்தெறிய நேரிடலாம். பஞ்சர் ஒட்டுகிறவர்களில் சிலர் ‘இந்த டயரை நான் தொடமாட்டேன்’ என்று கைவிரித்துவிடுவதும் உண்டு.

அப்படியானால் ஆள் அரவமற்ற நெடுஞ்சாலையில் டயர் இறங்கினால் என்ன செய்வது? குப்பியைத் தேடிக் கை போவதற்கு முன்பு டயரை நன்றாகப் பாருங்கள். ஆணி குத்தி நின்றால், தயவுசெய்து அதைப் பிடுங்காதீர்கள். ரப்பர் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் காற்று மெதுவாகத்தான் கசியும். காற்றடிக்கும் கருவிகள் பலவற்றில் திரவத்தை விலக்கிவிட்டுக் காற்றை மட்டும் ஏற்றும் வசதி இருக்கிறது. உரிய அளவுக்குக் காற்றை ஏற்றி, சில நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். காற்று நின்றால் நிதானமாக ஓட்டி, வழியிலே மறுபடியும் அளந்து பார்த்து, தேவையானால் மறுபடியும் ஏற்றி, அருகிலுள்ள பஞ்சர் கடையை அடைந்துவிடலாம். காற்று சிறிதும் நிற்காமல் போனால்தான், உதவிக்கு யாரும் வர வழியில்லை என்றால்தான், குப்பியைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. அந்த டயரைக் கழற்றிப் பார்க்கும்வரை அதைக் குணமான டயராகக் கருதவும் கூடாது.

உங்கள் டயரில் பஞ்சு உண்டா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. பக்கச்சுவரில் உள்ள எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள்: மிஷ்லினில் ‘அக்கூஸ்டிக்’ என்றும், பிரெல்லியில் ‘பி.என்.சி.எஸ்.’ என்றும், கான்டினென்டலில் ‘கான்டிசைலன்ட்’ என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் வெளியிலிருந்தே ஊசியைக் குத்தித் திரி செருகப் புறப்பட்டால், உள்ளே பஞ்சு இருக்கிறது என்று சொல்லித் தடுத்து, டயரைக் கழற்றி உட்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊசி பஞ்சைக் கிழித்துச் சுருட்டிவிடும். திரவம் ஊற்றியிருந்தால், அவர் டயரில் கை வைப்பதற்கு முன்பே அதையும் சொல்லிவிடுங்கள். இன்று சாயங்காலமே டிக்கியைத் திறந்து, குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.