பொட்டிபுரத்தில் கேட்காமல் விட்டது



தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொன்னீர்கள். பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதே தலைமைக்கு முதல் தகுதி என்று நான் நம்புகிறேன். அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் போதும்.

1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த குழுக்களில் ஒன்றில் நம் அறிவியலாளர்கள் இருந்தார்கள். பின்னாளில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. மரபு அறுந்துவிடக் கூடாதென்று நியூட்ரினோ ஆய்வகத்துக்குப் புது இடம் தேடினார்கள். முதலில் பார்த்தது நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அது கைவிட்டுப் போயிற்று. பிறகுதான் பொட்டிபுரத்து அம்பரப்பர் மலை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கு அடியில், 50,000 டன் எடையில் காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுத்துவது திட்டம். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நல்ல அறிவியல். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஊரார் என்ன கேட்டார்கள்? கதிர்வீச்சு வருமா என்றார்கள். நியூட்ரினோ நம் உடலை ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாய்க் கடந்துகொண்டேதான் இருக்கிறது, ஒரு கேடும் இல்லை என்று விடை வந்தது. சரியான விடைதான். ஆனால் கேள்வி அதோடு நிற்கவில்லை. வெடி வைத்தால் கிணறு வற்றுமா? வெட்டியெடுத்த கல்லை எங்கே கொட்டுவார்கள்? ஆடு மாடு இனி எங்கே மேயும்? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் எவ்வளவு போகும்? இடுக்கி அணை தாங்குமா? மண்ணையும் நீரையும் நம்பிப் பிழைப்பவர்களின் கேள்விகள் இவை. துகளைப் பற்றி மட்டும் பேசினால் இவை தீருமா? அறிவியலாளர்கள் ஊர்களிலும் பள்ளிகளிலும் வந்து பேசினார்கள். அதை நான் மறக்கவில்லை. விளக்கிச் சொல்லிவிட்டால் கேட்டாயிற்று என்று நாம் எல்லோருமே நினைத்துவிடுகிறோம், அதுதான் குறை.

ஊரில் உட்கார்ந்து கேட்காததை ஏழு ஆண்டுகள் வழக்கு மன்றங்களில் கேட்க நேர்ந்தது. அரசியல் தலைவர் வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாதென்று 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கவனித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டே அனுமதி திரும்பவும் வந்தது. எப்படி? கட்டட, கட்டுமானத் திட்டங்களுக்கான பிரிவில் வைத்துப் பரிசீலித்தார்கள். அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை!

அனுமதி செல்லும், ஆனால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் கூறியது. சட்டத்தோடு எனக்கு வழக்கில்லை. கேட்க வேண்டிய கட்டாயமில்லை என்றுதான் சட்டம் சொன்னது; கேட்கக் கூடாதென்று சொல்லவில்லையே. அந்த இடத்தில் தலைமை தவறிவிட்டது என்பதே என் முடிவு.

கேட்பதற்கு நேரங்காலமும் உண்டு. இந்த வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறார்கள். இறங்கி வரப் பொழுது சாய்ந்துவிடும். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் அங்கே யார் இருப்பார்கள்? வராதவர்களின் பேச்சு எந்த அறிக்கையிலும் ஏறாது.

2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டம் வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊரார்க்கு நிம்மதி, இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இழப்பு. இரண்டும் உண்மை.

இங்கே இருக்கும் மாணவர்களில் நாளை ஆட்சியராகவும் ஆய்வாளராகவும் ஆகப்போகிறவர்கள் உண்டு. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடம் முடிவாவதற்கு முன்பே ஊருக்குப் போங்கள். ஜீப்புகள் இறங்கிய பிறகு, மாலையில் போங்கள். முதல் நாள் எதையும் விளக்காதீர்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள்.