கரண்டு வண்டியும் பழைய ஸ்பேனரும்

(அறிவியல் மற்றும் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மின் வாகனங்களும் வகுப்பறையும்'. பேட்டரி, மோட்டார் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஓர் இரும்புக் கம்பியைப் பற்றி. மின்சாரத்தில் ஓடும் பார்சல் வேன் ஒன்றின் பின்பக்கத்தில் உடைந்துபோன ஸ்டெபிலைசர் பாரை மாற்றியதை எங்கள் பள்ளியின் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்கள் அருகிலிருந்து பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் நாங்கள் பல வாரம் நடத்தியது அந்த ஒரு பிற்பகலில் அவர்களுக்குப் பிடிபட்டது.

முதலில் அந்தப் பார் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வண்டியின் குறுக்கே போகும் கம்பி அது. இரு முனைகளும் வளைந்து 'ப' வடிவில் இருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் பிடித்திருக்கும். முனைகளில் லிங்க் எனப்படும் சிறு தண்டுகள். இரண்டு பின்சக்கரங்களும் வேகத்தடையில் ஒன்றாக ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் தடுக்காது. வளைவில் திரும்பும்போதுதான் அதற்கு வேலை. வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், உள்பக்க ஸ்பிரிங் விரியும். ஒரு முனை மேலேயும் மறு முனை கீழேயும் போக, நடுக்கம்பி முறுகும். முறுகிய கம்பி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கிறது.

இதை வகுப்பில் காட்ட சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று போதும். உறிஞ்சுகுழலில் இரண்டு சிறு துண்டு வெட்டிக் கம்பியில் கோத்து, அதன் பிறகு இரு முனைகளையும் 'ப' போல வளைத்து, அந்தத் துண்டுகளை மர ஸ்கேலில் ஒட்டிவிடுங்கள். (முதலிலேயே வளைத்துவிட்டால் குழல் ஏறாது.) இரு முனைகளையும் சேர்த்துத் தூக்கினால் கம்பி தாராளமாகச் சுழலும். ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு மற்றதைத் தூக்கினால் கம்பி எதிர்ப்பது விரலுக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்பின் விறைப்புக் குணகத்தை நான் இப்போது இந்தக் கம்பியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இனி அந்த வண்டியின் கதை. எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை அதை ஓட்டுகிறார். நடைக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குக் கூலி. வண்டி நின்றால் வீட்டில் வருமானம் நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் 'டங்' என்று சத்தம், பாலத்து வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சரிகிறது என்று பயந்தபடியே சில நாள் ஓட்டியிருக்கிறார். மின் வேன்களில் பேட்டரி பெரும்பாலும் தளத்துக்கு அடியில் இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்வாகவே இருக்கும். ஆனால் அதன் மேலே உயரமான கூண்டில் வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் ஏற்றினால் கதை மாறிவிடுகிறது. கீழே படுத்துப் பார்த்ததில், பார் வளைவுக்கு அருகே துருப்பிடித்து உடைந்திருந்தது.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. சேவை மையத்தில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். "கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க, வண்டி ஓடத்தானே செய்யும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். ஓடும்தான், திரும்பும்போதுதான் தெரியும். எங்கள் மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் பட்டறையின் மேஸ்திரி முப்பது ஆண்டு டீசல் வண்டி பார்த்தவர். அவரோ, "கரண்டு வண்டி டீச்சர், நான் கை வைக்க மாட்டேன்" என்றுவிட்டார். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: "அண்ணனே பயப்படுறார்னா, நாங்க இந்தக் குரூப் படிச்சு என்ன டீச்சர் பண்றது?"

அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவர் பயத்தில் பாதி நியாயம். மின் வாகன விதிகளின்படி நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டது உயர் மின்னழுத்தம். அந்த மின்சாரம் போகும் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம். வண்டியை அணைத்தாலும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் சற்று நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதற்கென்று பயிற்சி பெறாதவர் அதைத் திறக்கக் கூடாது. ஆனால் ஸ்டெபிலைசர் பாருக்கும் அந்த மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. டீசல் வண்டியில் இருக்கும் அதே பார், அதே புஷ், அதே நட்டு. எங்கள் தொழிற்கல்வி ஆசிரியர் அந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டை வாங்கி வந்து, ஆரஞ்சு கேபிள் எந்த வழியாகப் போகிறது, ஜாக்கி எங்கே வைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் காட்டினார். பாருக்கும் கேபிளுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தது. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "சரி, சாமான் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மின் வண்டி உயிரோடு இருந்தாலும் சத்தம் கேட்காது. ஆகவே சாவி வேலை செய்பவரிடம்தான் இருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தை இரு பக்கமும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும், போல்ட்டைக் கழற்றும்போது எகிறும். ஜாக்கி பேட்டரிப் பெட்டியின் அடியில் படவே கூடாது. மாணவர்கள் தரையில் போட்ட கோட்டுக்கு வெளியே நின்றார்கள். வண்டிக்கு அடியில் மேஸ்திரியைத் தவிர யாரும் போகவில்லை.

லிங்க் நட்டு துருவில் இறுகியிருந்தது. பட்டறைகளில் இதற்கு வழக்கமான வைத்தியம் கேஸ் வைத்துச் சூடாக்குவது. மேஸ்திரியின் கை பழக்கத்தில் அந்தப் பக்கம் போனது, பாதியிலேயே நின்றது. பேட்டரிக்கும் கேபிளுக்கும் அருகில் தீ கூடாது. துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் நட்டு இளகியிருந்தது, ஆனால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்தே சுற்றியது. தண்டின் நுனியில் அலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினார்.

உடைந்த பாரை வெல்டிங் வைத்துத் தரும்படி முதலில் ஓட்டுநர் கேட்டதையும் சொல்ல வேண்டும். செலவைப் பார்த்துத்தான் கேட்டார். இது பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். வெல்டிங் மின்னோட்டம் வண்டியின் மின்னணுச் சாதனங்களையும் கெடுக்கலாம். "அப்போ இன்னும் தடிமனான பாரா வாங்கிப் போடலாமே, பலமா இருக்கும்" என்றான் ஒரு மாணவன். அடுத்த நாள் வகுப்பில் ஒரு பாட வேளை முழுவதையும் அந்தக் கேள்விக்கே கொடுத்தேன். முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் விட்டம் கூடுவது 10 சதவீதம்தான், விறைப்போ 1.1-இன் நான்காம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். 24 மி.மீ. என்றால் இரு மடங்கையும் தாண்டும். பின்பக்கம் மட்டும் இப்படி விறைத்தால் வளைவில் வெளிப்பக்கப் பின்டயர் மீது சுமை அதிகமாக மாறி, பின்சக்கரங்களின் பிடிப்பு குறையும். மழையில் வால் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கரும்பலகையில் அந்தப் பெருக்கலைச் செய்தது கேள்வி கேட்ட அதே மாணவன்தான்.

புதிய பாரைப் பழையதன் பக்கத்தில் வைத்து வளைவும் தடிமனும் ஒத்துப் பார்த்தார்கள். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவவில்லை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊற வைத்துவிடும், சோப்புத் தண்ணீர் போதும். போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகே முழுதாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். லாக் நட்டுகளும் புதியவை. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச். பத்தாம் வகுப்பில் நடத்தும் விசையின் திருப்புத்திறன் இங்கே எண்ணாகத் தெரிகிறது: 300 மி.மீ. ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன் கொடுத்தால் 60 நியூட்டன் மீட்டர். பைப் செருகி நீளத்தை மூன்று மடங்காக்கினால் அதே கைக்கு 180. 'நல்லா இறுக்கு' என்று சொல்லிப் போல்ட் அறுவது இப்படித்தான்.

அன்று மாணவர்களை நோட்டில் இரண்டு பட்டியல் போடச் சொன்னோம்: இந்த வண்டியில் நமக்குத் தெரிந்தவை, பயிற்சி இல்லாமல் தொடக் கூடாதவை. முதல் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியது. டயர், பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், 12 வோல்ட் விளக்குகள் என்று நீண்டது. இரண்டாவதில் ஏழெட்டு வரி. என்ஜின் ஆயில், கிளட்ச், இன்ஜெக்டர் வேலைகள் இந்த வண்டிகளில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அந்த வருமானம் குறையும்; அதை நம்பியிருக்கும் பட்டறைகளுக்குக் கஷ்டம்தான். உயர் மின்னழுத்தப் பயிற்சி நம் மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை இரண்டாவது பட்டியல் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி இறுக்கத்தைச் சரிபார்த்தார் மேஸ்திரி. இப்போது அவர் பட்டறைக்கு இன்னும் இரண்டு மின் வேன்கள் வருகின்றன, பிரேக் வேலைக்கு.

ஸ்போக்ஸ் கம்பி மாதிரிகள் நான்கு அந்த மேசையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மற்றதைத் தூக்கிப் பாருங்கள்.