பத்து நாள் பிந்திய நத்தார்



மாத்தளைக்கு டிசம்பர் மழை மாதம். வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலையில் முட்டிக்கொண்டு நிற்கும். றத்தோட்டைப் பக்கம் போனால் நாலு நாளானாலும் உடுப்புக் காயாது. பாடசாலைகள் மூன்றாம் தவணையை முடித்துப் பூட்டிக் கிடக்கும். இந்த நேரத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். படிப்பிக்கப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் போய்வர விமானச் சீட்டுக்குக் காசும் இல்லை. 25 ஆம் திகதி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

அப்படி ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1956 இல் ஆட்சிமொழி மாறியது. ஆங்கிலம் கந்தோரிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் மெல்ல இறங்கியது. இறங்கியதைத் திரும்ப ஏற்றிவைக்க வெளியிலிருந்து ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் 1962 இல் முதல் தடவை வந்தார்கள். இரண்டு வருடத்தில் போனார்கள். 1967 இல் மீண்டும் வந்து 1970 வரை இருந்தார்கள். பிறகு 1983 இலிருந்து 1998 வரை. ஆங்கிலம் படிப்பிப்பது அவர்கள் வேலைகளில் முக்கியமான ஒன்று.

இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை காத்திருந்தது. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. வார ஓய்வு சந்திரனைப் பார்த்து வந்தது, போயாவை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலை நாள். தேவாலயத்துக்குப் போகிற பழக்கமுள்ள ஒருவருக்கு வாரமே கழன்று விழுந்த மாதிரி இருந்திருக்கும். நத்தார் மட்டும் சந்திரனோடு போகவில்லை. அது 25 இலேயே நின்றது.

தூர தேசத்தில் கேக்கும் பாட்டும் அப்புறம்தான். முதல் வேலை திகதியைத் தவறவிடாமல் இருப்பது. இந்தப் பக்கத்துக்கு அது பழகிப்போன வேலை.

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, கலேவெலப் பக்கம் வஹாக்கோட்டை என்றொரு ஊர் இருக்கிறது. புனித அந்தோனியார் திருத்தலத்தால் பலருக்கும் தெரிந்த இடம். கண்டி அரசனிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயர் அங்கே குடியேற்றப்பட்டு, உள்ளூர்ப் பெண்களை மணந்து, சிங்களம் பேசுகிறவர்களாகவே ஆகிவிட்டார்கள் என்பது அவ்வூரின் பரம்பரைச் செய்தி. 1658 க்குப் பிறகு கரையோரம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குருமாருக்கு அங்கே தடை. போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகள் 1692 இல் கண்டிக்குள் கால்வைத்தபோது, ஒற்றர் என்று சந்தேகித்து அவரையே சிறையில் வைத்தார்கள். குரு இல்லாத அந்த இடைக்காலத்தில் வஹாக்கோட்டை மாதிரி ஊர்களில் நத்தார் என்றைக்கு என்று யார் சொன்னது? மறந்துபோகாத ஒரு பாட்டியாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

சொல்லை மட்டும் நாம் எல்லோரும் வைத்துக்கொண்டோம். ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் கிறிஸ்மஸ் என்று எழுதுவார். பிள்ளைகள் நத்தார் என்பார்கள். அது போர்த்துக்கேயரின் நட்டால். பிள்ளை இருக்கிற வாங்கும் ஆசிரியரின் கதிரையும் மேசையும், சாமான் வைக்கிற அலுமாரியும் கூட அவர்கள் தந்த சொற்களே. ஆங்கிலம் வாசலுக்கு வருமுன்னே வகுப்பறைத் தளபாடமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது!

ஆங்கிலேயர் கதை இன்னும் சுவையானது. 1660 இல் கொட்டியாரத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமியையும் அவர் கூட்டத்தாரையும் பிடித்தார்கள். கண்டிச் சீமையின் கிராமங்களில் ஆளுக்கோர் இடமாக வைத்தார்கள். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். அப்படி ஒரு தொப்பியைக் கொடுத்துத்தான் ஒரு கிழவரிடமிருந்து ஆங்கில வேதாகமத்தையும் வாங்கினார். 1679 இல் தப்பும்வரை, பத்தொன்பது நத்தார் இங்கேதான்.

அதில் ஒரு சிக்கல். போர்த்துக்கேயர் 1582 இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. நொக்ஸின் காலத்தில் வித்தியாசம் பத்து நாள். ஆகவே ஒரே கண்டிச் சீமையில் போர்த்துக்கேயர் வழிவந்தவர்களுக்கு நத்தார் முடிந்து பத்தாம் நாளில் நொக்ஸுக்கு நத்தார். இருவரும் தத்தம் கணக்கில் சரிதான்.

1752 இல் இங்கிலாந்தும் மாறியதோடு இந்தக் குழப்பம் தீர்ந்தது. வானொலி வந்த பிறகு திகதியைத் தவறவிட வழியே இல்லை. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. 1932 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் முதல் முறையாக வானொலியில் நத்தார் உரை ஆற்றினார். அந்த உரையை எழுதிக் கொடுத்தவர் பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங். இலண்டனில் பிற்பகல் மூன்று மணி. நமக்கு இரவு எட்டரை. மலைத் தோட்டத்துப் பங்களாக்களில் சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவர்கள், இரைச்சலுக்குள் அந்தக் குரலைத் தேடிப் பிடித்திருப்பார்கள்.

நம் ஆசிரியருக்குத் திரும்புவோம். ஊரில் நத்தார் கொண்டாடுகிற வீடு ஒன்றிருந்தால் அவரைத் தனியே விடமாட்டார்கள். தட்டில் கேக் வரும். அவர் ஊர்க் கேக் கோதுமை மாவில் செய்தது. நம்முடையதில் ரவை, கஜு, பூசணித் தோசி, இஞ்சிப் பாகு, பன்னீர். முதல் கடியில் அந்நியம். பிறகு கறுவா, கராம்பு, சாதிக்காய் வாசம் எழும்பும்போது, அது அம்மாவின் குசினி வாசம் என்று தெரியும். பலாபத்வலவில் ஏ-9 வீதியோரம் வாசனைத் தோட்டங்களில் மரத்திலேயே தொங்குகிற வாசம்.

இங்கே கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். பாகும் பிராந்தியும் ஊறியது, இலகுவில் கெடாது. இரண்டு துண்டைப் பெட்டியில் அடுக்கி ஊருக்குத் தபாலில் போடலாம். பண்டிகைக்குப் போய்ச் சேராது என்று தபால் கந்தோரில் சொல்வார்கள். சொல்லட்டும். ஜனவரி 4 ஆம் திகதிக்குள் கிடைத்தால் போதும்; நொக்ஸின் கணக்கில் அன்றைக்குத்தான் நத்தார்.